காலுக்குள் நடந்த எலும்பு

பிப்ரவரி 3

தங்கைக்கு,

போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் நேற்று விடாமல் அடித்துப் பார்த்தேன். கடைசியில் உன் அண்ணிதான் ஆஸ்பத்திரி விலாசத்தைக் கொடுத்தாள். அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறியிருக்கிறாய். போகட்டும், யாரிடமாவது சொன்னாயே.

கோபத்தை முதலில் பேசித் தீர்த்துவிடலாம். விபத்து நடந்த அன்று சாயங்காலம், ஆப்பரேஷன் அறை வாசலில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாமா?" என்று கேட்டார். "எடுத்துடுங்க" என்றேன். லாரியிலிருந்து சரிந்த கம்பிக் கட்டு உன் காலை என்ன செய்து வைத்திருந்தது என்று நீ பார்க்கவில்லை. நீ மயக்கத்தில் இருந்தாய். பார்த்தது நான். பிறகு விரல்களில் ரத்தம் ஓடத் தொடங்கியது, வெட்டாமல் விட்டார்கள். இதை எந்த நர்ஸ் உன் காதில் போட்டாளோ, அன்றிலிருந்து காலை எடுக்க வந்தவனே நான்தான் என்பதுபோல் என்னைப் பார்க்கிறாய்.

சரி, கால் தங்கியது. தங்கி என்ன ஆயிற்று? எலும்பு ஒட்டவில்லை. உள்ளே சீழ் வைத்துக்கொண்டே இருக்கிறது. எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினால் மழைக்காலம் வருவதற்குள் நடந்துவிடலாம் என்று இங்குள்ள டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அதைக் கேட்காமல், நல்லதாக மிச்சம் இருக்கிற எலும்பையும் உடைக்கிறேன் என்று சொல்கிற ஒருவரைத் தேடிப் போயிருக்கிறாய்.

நான் கண்ணாடித் தொழிற்சாலையில் பேக்கிங் பார்க்கிறவன். விரிசல் விட்ட ஜாடியின் நல்ல பக்கத்தில் யாரும் சுத்தியலால் தட்ட மாட்டார்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

திரும்பி வா. ஒரு வார்த்தை எழுது, நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணா,

உன் லெட்டர் வந்தப்போ எனக்கு ஆப்பரேஷன் முடிஞ்சிருந்தது. உடைச்சாச்சு. இனிமே திரும்பி வான்னு எழுதாதே, வந்தா பாதி கால் இங்க இருக்கும், பாதி அங்க இருக்கும்.

போனை ஏன் எடுக்கலைன்னா, நீ பேசினா நான் அழறேன். நான் அழுதா நீ ஜெயிச்ச மாதிரி ஆயிடுது. எழுதறப்போ அழுதா உனக்குத் தெரியாது. அதனால இனிமே எழுதிக்கலாம். நீயும் காகிதத்துல கத்து, அக்கம்பக்கத்துக்குக் கேக்காது.

என்ன பண்ணாங்கன்னு சொல்றேன். உட்கார்ந்துக்கோ. கணுக்காலுக்கு மேல அழுகிப்போன எலும்பைச் சுத்தமா வெட்டி எடுத்துட்டாங்க. அங்க இப்போ ஒரு விரல் நீளத்துக்கு ஒண்ணுமே கிடையாது, வெறும் சதை. அப்புறம் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ, நல்லா இருந்த எலும்பைக் குறுக்கா உடைச்சாங்க. ஆமா, உன் சுத்தியல்தான். ஆக, நடுவுல ஒரு துண்டு எலும்பு மேலயும் ஒட்டாம கீழயும் ஒட்டாம அந்தரத்துல நிக்குது. காலைச் சுத்தி இரும்பு வளையம், வளையத்துலேர்ந்து கம்பி, கம்பி எலும்பைத் துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வருது. என் காலைப் பார்த்தா கட்டி முடிக்காத கட்டடம் மாதிரி இருக்கு. எனக்குப் பழகின காட்சிதான், ஆனா இதுவரைக்கும் நான் கிரேன் மேலேர்ந்துதான் பார்த்திருக்கேன்.

வளையத்துல நட்டு இருக்கு. அதை நானே திருகணும். திருகினா நடுவுல இருக்கிற துண்டு கீழ நகரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நாலு தடவையா பிரிச்சு. கொஞ்சம் கொஞ்சமா அது கணுக்கால் வரைக்கும் போய் இடைவெளியை அடைச்சுடும். அப்போ மேல ஒரு இடைவெளி விழும்ல? அங்கதான் விஷயம். அது விட்டுட்டுப் போன வழியில புது எலும்பு முளைக்குமாம். ரயில் போனப்புறம் பின்னாடி தண்டவாளம் முளைக்கிற மாதிரி.

இதைச் சொன்ன டாக்டரம்மா கோட் பாக்கெட்ல ஸ்பானர் வச்சிருக்காங்க. எக்ஸ்ரே பார்க்கறப்போ பிஸ்கட் சாப்பிடறாங்க. வார்டு முழுக்க அவங்களுக்கு ஸ்பானர் அம்மான்னு பேர். "ஏம்மா, ஒட்டாத எலும்பை இன்னொரு இடத்துல உடைச்சா அது மட்டும் எப்படி வளரும்?"னு கேட்டேன். "எலும்பை உடைச்சு மெதுவா இழுத்தா, பிரிஞ்சு போறவங்க கையை விடாத மாதிரி அது நடுவுல வளரும். எல்லாருக்கும் வளரும்னு எழுதித் தர மாட்டேன்"னாங்க. வளரலைன்னா வெட்டறதுதான் வழின்னும் சொல்லிட்டாங்க. ஒளிவுமறைவே கிடையாது அவங்ககிட்ட.

பயமா இருக்கு. இதை அண்ணிகிட்ட சொல்லாதே.

கோபம் இன்னும் போகலை. நீ "எடுத்துடுங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிக்க ஒரு மூச்சுகூட விடலையாமே. நர்ஸ் அதைத்தான் சொன்னா.

கிரேன்காரி


பிப்ரவரி 27

பாப்பா,

முப்பத்து நாலு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடாதே என்பாய். காகிதத்தில் கத்தச் சொன்னாய், கூப்பிடுவதையும் காகிதத்திலேயே செய்துகொள்கிறேன்.

நடந்தது நடந்துவிட்டது. இனி வாதாடிப் பயனில்லை. ஆனால் அந்தரத்தில் நிற்கிற எலும்பு என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படியில் யாராவது தடதடவென்று இறங்கினால்கூட உன் கால் அதிர்கிறதுபோல் இருக்கிறது.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. உள்ளே இருப்பது உன் காலுக்கான படுக்கை. அண்ணிக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, வளையத்தின் அளவை ஊகித்து, ஸ்பாஞ்சை அடுக்கடுக்காக வெட்டி நானே ஒட்டினேன். ஒவ்வொரு வளையத்துக்கும் தனிப் பள்ளம் இருக்கிறது. கம்பி எதிலும் இடிக்காது. காலை அதில் வைத்துவிட்டால் பூகம்பம் வந்தாலும் அசையாது. எங்கள் தொழிற்சாலையின் மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் இப்படித்தான் கப்பலில் போகின்றன. இதுவரை ஒன்றும் உடைந்து திரும்பியதில்லை.

அதில் காலை வைத்து அசையாமல் படு. எழுந்து திரியாதே. தண்ணீர் வேண்டுமா, நர்ஸைக் கூப்பிடு. வெட்கப்படாதே. வளர வேண்டியது நிம்மதியாக வளரட்டும்.

மூச்சு விடவில்லை என்றாளா அந்த நர்ஸ்? எனக்கு நினைவில்லை. விட்டிருக்க மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

இதை எப்படி எழுதறதுன்னு தெரியாம நாலஞ்சு காகிதம் கிழிச்சுப் போட்டேன்.

நீ அனுப்பின படுக்கை அவ்வளவு கச்சிதம். வார்டுல எல்லாரும் வந்து வந்து பார்த்தாங்க. வலி பாதியாக் குறைஞ்சது. நானும் நீ சொன்ன மாதிரியே கிடந்தேன். நட்டைத் திருக மட்டும் குனிவேன், மத்தபடி மகாராணி. ஸ்பானர் அம்மா நடக்கச் சொன்னாங்க, "வலிக்குது, நாளைக்கு"ன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினேன். அவங்க நடுவுல கொஞ்ச நாள் ஊர்ல இல்லை. கேக்க ஆளில்லை.

நேத்து எக்ஸ்ரே எடுத்தாங்க. துண்டு எலும்பு பாதி வழிக்கு மேல வந்துடுச்சு. ஆனா அது விட்டுட்டு வந்த இடம் கறுப்பா இருந்தது. வெறும் கறுப்பு. அதுக்குள்ள ஒரு சாம்பல் கோடு இருந்தாக்கூடப் போதும், அதுவும் இல்லை.

ஸ்பானர் அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் என் கட்டிலைப் பார்த்தாங்க.

"இது யார் செஞ்சது?"

"அண்ணன்."

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கார். எடுத்து அலமாரிக்கு மேல வைங்க."

எனக்குக் கோபம் வந்துடுச்சு. அதனால என்ன கெடுதல்னு கேட்டேன். கட்டில் ஓரமா உட்கார்ந்து சொன்னாங்க. எலும்பு நாம நினைக்கிற மாதிரி கல்லு இல்லையாம். உள்ள ஓயாம ஒரு கூட்டம் பழசை அரிச்சுக்கிட்டே இருக்கும், இன்னொரு கூட்டம் புதுசா கட்டிக்கிட்டே இருக்கும். எங்க பாரம் விழுதோ அங்க கட்டும். பாரமே விழலைன்னா, இங்க யாரும் குடியில்லைன்னு நினைச்சுக் காலி பண்ணிடும். விண்வெளிக்குப் போறவங்களுக்கு அங்க எடையே இல்லாததால எலும்பு கரையுதாம். நானும் ஒரு மாசமா கட்டில்லயே விண்வெளிக்குப் போயிட்டு வந்திருக்கேன்.

"அதை இழுத்தா மட்டும் போதாது. மிதிக்கணும். ஒவ்வொரு மிதிக்கும் உள்ள அது மயிரிழை அசையும். அந்த அசைவுதான் அதுக்கு சாப்பாடு"ன்னாங்க. நட்டு திருகறதை நிறுத்தி வச்சிருக்காங்க, அடுத்த எக்ஸ்ரேல ஏதாவது தெரியணும். இல்லைன்னா மேல பேசலாம்னாங்க. மேலன்னா, முழங்காலுக்குக் கீழ வெட்டறதுன்னு எனக்குப் புரிஞ்சுது.

நீ அனுப்பினதால இப்படி ஆச்சுன்னு நினைச்சுக்காதே. எனக்கே படுக்கணும்னுதான் இருந்தது. உன் பெட்டி ஒரு சாக்கு.

பக்கத்துக் கட்டில்ல ஒரு டிரில் டீச்சர் இருக்காங்க. அவங்களுக்கும் இதே வளையம், தொடையில. முடியற கட்டத்துல இருக்காங்க. டாக்டரம்மா போனதும் என் போர்வையை உருவிட்டாங்க. "எழுந்திரு. உன் எலும்புக்குக் காது கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும் கேக்காது. மிதிச்சு சொல்லு." வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். காலை ஊன்றினப்போ கண்ணுல பொறி பறந்துச்சு. கதவு வரைக்கும் போயிட்டு வந்து அந்தம்மாவைத் திட்டித் தீர்த்தேன். "திட்டறப்போ மூச்சு நல்லா வருது, திட்டிக்கிட்டே இன்னொரு தடவை போ"ன்னாங்க.

நடந்துக்கிட்டே கிரேனை நினைச்சுக்கிட்டேன். உனக்கு ஒண்ணு தெரியுமா? வேலை முடிஞ்சு இறங்கறப்போ நாங்க மேல இருக்கிற நீளக் கையைக் கட்டி வைக்க மாட்டோம். பிரேக்கை விடுவிச்சுட்டுத்தான் வருவோம். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் அது திரும்பிக்கும். கட்டி வச்சா காத்து அதைச் சாய்ச்சுடும். புதுசா வர்றவங்க அது தானாத் திரும்பறதைப் பார்த்து அலறுவாங்க. நான் வருஷக்கணக்கா தினமும் அதைச் செஞ்சுட்டு, என் காலை மட்டும் கட்டி வச்சிருந்திருக்கேன்.

அடுத்த படம் வர்ற வரைக்கும் உனக்கு எழுத மாட்டேன். நீ எழுது.

கிரேன்காரி


ஏப்ரல் 9

பாப்பா,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. அண்ணி என்ன ஆயிற்று என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். "நீங்க அன்பா செஞ்சீங்க, அது போதும்" என்றாள். அன்பாகச் செய்ததுதான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இனி உனக்கு எதுவும் சொல்ல மாட்டேன், எதுவும் அனுப்பவும் மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒன்று. அப்பா எப்படிப் போனார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அப்போது உனக்குப் பத்து வயது, உன்னைச் சித்தி வீட்டில் விட்டிருந்தோம்.

சர்க்கரை இருந்தது. சுண்டு விரலில் ஒரு புண். விரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் பார்ப்போமே" என்றார் அப்பா. பிறகு பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள். "பார்ப்போமே." பிறகு முழங்கால். ஒவ்வொரு தடவையும் டாக்டர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அப்பா முகத்தைப் பார்ப்பேன். நான் சொல்லி அவர் கேட்கிற ஆளில்லை என்பது உனக்கே தெரியும். ஒரு நாள் டாக்டர் வந்தார், காலைப் பார்த்தார், போர்வையை மூடிவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கேட்பதை அவர் நிறுத்திய அந்த நாளில்தான் எனக்குப் புரிந்தது.

உன் விபத்தன்று ஆப்பரேஷன் அறை வாசலில் அந்த டாக்டர் கேட்டாரே, இவர் இன்னும் கேட்கிறார் என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது. கேட்கிறவரைக் காக்க வைக்கக் கூடாது. அதனால்தான் மூச்சு விடவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. அதே கேள்வியை இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. உன் டாக்டரம்மா சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் வாழ்நாள் முழுக்கக் கையாளுகிறது கண்ணாடி. அதற்கு அடி என்றால் அடிதான். ஒரு தடவை பட்டால் ஒரு விரிசல், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அடிபட்டு வலுத்த கண்ணாடியை நான் பார்த்ததில்லை. உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன் போல. நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் காலுக்குள் யாரோ எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஐம்பது வயதில் என் கால்மேல் எனக்கே மரியாதை வந்தது. பக்கத்தில் ஒருவர் இடம் கொடுத்தார். வேண்டாம் என்று நின்றேன்.

நடக்கிறாயா? எவ்வளவு தூரம்? எழுத மாட்டேன் என்றாய். சரி.

அண்ணன்


மே 6

அண்ணா,

வந்துடுச்சு.

எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ. அவசரப்படாம வரிசையா சொல்றேன்.

ஏப்ரல் முழுக்க நடந்தேன். முதல்ல கதவு, அப்புறம் நர்ஸ் மேஜை, அப்புறம் வராந்தாவோட கோடி ஜன்னல். டிரில் டீச்சர் பின்னாடியே விசில் இல்லாத குறையா வந்தாங்க. நடுவுல ஒரு கம்பி போற இடத்துல சீழ் வச்சு காய்ச்சல் வந்துச்சு. அப்பவும் ஸ்பானர் அம்மா நடையை நிறுத்தலை, குறைச்சாங்க. மருந்து கொடுத்து, ஒரு கம்பியை மாத்தி, திரும்பவும் நட. அடியும் வேணும் ஆறவும் விடணும், ரெண்டுல எது இல்லைன்னாலும் கதை முடிஞ்சுதுன்னாங்க. சில நாள் நான் நடக்கறேனா வலி நடக்குதான்னே தெரியாது.

நேத்து எக்ஸ்ரே. நான் பார்க்கலை, தலையைத் திருப்பிக்கிட்டேன். ஸ்பானர் அம்மா படத்தை வெளிச்சத்துல மாட்டினாங்க. பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் அந்தச் சத்தம் நின்னுடுச்சு. கெட்ட செய்திதான்னு நினைச்சேன்.

"திரும்பிப் பாருங்க"ன்னாங்க.

அண்ணா, அந்தக் கறுப்புல மேகம் இருந்தது. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. விடியற நேரத்துல கிரேன் மேல ஏறி உட்கார்ந்தா, கீழ ஊர் தெரியாது, வெறும் பனி மூட்டமா இருக்கும். பார்த்துக்கிட்டே இருந்தா அதுக்குள்ளேர்ந்து கட்டடம் ஒண்ணொண்ணா வரும். அந்த மாதிரி. மேல் எலும்புலேர்ந்து கீழ்நோக்கி மெல்லிசா நூல் நூலா வெள்ளைக் கோடு. கீழ்த் துண்டுலேர்ந்து மேல்நோக்கி அதே மாதிரி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தேடிக்கிட்டு வருது. அத்தனை கோடும் நேரா நிக்குது, நான் மிதிக்கிற திசையில. யாரும் அதுக்கு வழி காட்டலை. நான் வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திட்டிக்கிட்டே வராந்தாவுல போனேனே, அது உள்ள போய் இப்படி ஒழுங்கா எழுதிக்கிட்டு இருந்திருக்கு.

நான் அழலை. சத்தியமா. வாயைத் திறந்துக்கிட்டு நின்னுட்டேன். முப்பத்து நாலு வருஷமா இந்த உடம்புலதான் குடியிருக்கேன், இப்படி ஒரு ஆள் உள்ள இருக்கார்னு யாரும் சொல்லலையே. டிரில் டீச்சர் எட்டிப் பார்த்துட்டு, "ம், நாளைக்கு மாடிப்படி"ன்னாங்க.

நட்டு திரும்ப ஆரம்பிச்சாச்சு. துண்டு கணுக்காலைத் தொட்டதும் வார்டை விட்டு ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு வாடகை ரூமுக்குப் போயிடலாமாம், அப்புறம் மாசக்கணக்கா நடை. இது மேகம்தான். எலும்பா ஆகறதுக்கு நாள் இருக்கு.

அப்பாவைப் பத்தி. அதைப் படிச்சப்போ நான் வராந்தாவுலதான் இருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீ என்னைவிடப் பதினாறு வயசு பெரியவன்னு மட்டும்தான் நினைச்சிருக்கேன், அந்த வயசுல தனியா என்ன பார்த்தேன்னு கேட்டதே இல்லை. நீ எனக்கு எதிரா சொல்லலைன்னு இப்போ தெரியுது. கோபத்தைத் தேடிப் பார்த்தேன், இருந்த இடத்துல காணோம். கொஞ்சம் மிச்சம் இருந்தா இருக்கும், நேர்ல வா, தீர்த்துக்கலாம்.

பாப்பா
(காகிதத்துல மட்டும்)


மே 19

பாப்பா,

நீ எழுதியதை அண்ணிக்கு உரக்கப் படித்தேன். மேகம் வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, அவள் வாங்கிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "அது இருட்டுல எப்படித் திசை கண்டுபிடிச்சுது?" என்று கேட்டாள்.

வளையம் கழற்றுகிற நாளை மட்டும் எழுது. நான் வருகிறேன். பெட்டி எதுவும் கொண்டுவர மாட்டேன்.

அண்ணன்


நவம்பர் 21

பாப்பா,

நேற்றுத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். நேரில் நாம் பேசியது கொஞ்சம்தான். நான் வார்டுக்குள் நுழைந்ததும் நீ வாக்கர் இல்லாமல் எதிரே நடந்து வந்தாய். இரும்பு வளையங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் நர்ஸே எட்டிப் பார்த்தார். அதோடு நம் சண்டை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வளையம் கழற்ற உன்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன்பு டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பிப்ரவரியிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் வெளிச்சப் பலகையில் வரிசையாக மாட்டியிருந்தார். முதல் படத்தில் ஒரு துண்டு எலும்பு தனியாக நின்றது. அடுத்ததில் கொஞ்சம் கீழே. அதற்கடுத்ததில் இன்னும் கீழே. அது போகப் போகப் பின்னால் இருட்டு நீண்டுகொண்டே வந்தது. மார்ச் மாதப் படத்தின் முன்னால் அவர் நின்றார், நானும் நின்றேன். பிறகு நீ எழுதிய மேகம். பிறகு பால் ஊற்றினதுபோல் அது கெட்டிப்பட்டது. கடைசிப் படத்தில் எது பழைய எலும்பு, எது புதிது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். புதிது பழையதைவிடத் தடிமனாக இருந்தது.

"இது எப்பவும் இப்படியே இருக்குமா?" என்று கேட்டேன்.

"அது அவங்க கையில இருக்கு. கால்ல இருக்குன்னு சொல்லணும். பயன்படுத்தினா தேவையான இடத்துல வச்சுக்கிட்டு, தேவையில்லாததைச் செதுக்கிடும். படுத்துட்டா மெலிஞ்சுடும். நான் கட்டிக் கொடுத்துட்டுப் போற சுவர் இல்லை இது. தினமும் கட்டறது."

நான் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் வெட்டச் சொன்னேன். தப்புங்களா?"

அவர் ஸ்பானரை எடுத்து மேஜையில் வைத்தார். "அன்னைக்கு உங்க இடத்துல நின்னு நான் பார்க்கலை. டாக்டரா நானே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். இதைப் பார்த்துட்டு அடி விழுந்தா நல்லதுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அந்தக் கம்பிக் கட்டு விழுந்ததால உங்க தங்கச்சி பலமாகலை. அது அவங்களைக் கொன்னிருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு மில்லிமீட்டர் இழுத்திருந்தாலும் நடுவுல ஒண்ணும் வளர்ந்திருக்காது. தாங்கற அளவுக்கு ஒரு தொந்தரவு, அப்புறம் ஆற நேரம், திரும்பத் தொந்தரவு. அந்த அளவைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

"வளர்றது?" என்றேன்.

"அது என் வேலை இல்லை. எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கலாம், ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் தெரிய வருது. ஆனா முதல் மேகத்தைப் பார்க்கறப்போ இன்னிக்கும் எனக்கு வாய்க்குள்ள பிஸ்கட் நின்னுடுது."

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உன் முகம் உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் அதையும் எழுதுகிறேன். மயக்கம் தெளிந்து, வளையம் இல்லாத காலை நீ குனிந்து பார்த்தாய். சூம்பி, வடு வடுவாக, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அவர்கள் உன்னை எழுப்பி நிறுத்தினார்கள். ஒன்பது மாதமாக இரும்பு தாங்கிய இடத்தில் இனி எலும்பு மட்டும்தான். நீ முதலில் நல்ல காலில் நின்றாய். பிறகு எடையை இந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாய். எனக்கு ஓடிவந்து தாங்க வேண்டும்போல் இருந்தது. கைகள் தானாகவே நீண்டன. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

நீ நின்றாய். நல்ல காலை மெல்லத் தூக்கினாய், ஒரு கண நேரம்தான். உன் முழு எடையும் அந்தப் புது எலும்பின்மேல் இருந்தது. போன வருடம் இந்த நேரத்தில் அது உலகத்திலேயே கிடையாது. எனக்கு ஏதோ பெரிய ஒன்றின் முன்னால் நிற்கிறோம் என்று தோன்றியது. அது உன் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில், ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது.

ரயிலில் வரும்போது தூங்கவில்லை. எதிர் சீட்டில் ஒரு குழந்தை நடை பழகிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்க விழும், எழும், விழும். அதன் அப்பா பிடிக்கப் போனார். நான் "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, பிறகு ஏன் சொன்னேன் என்று வெட்கப்பட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

வளையம் கழட்டி அஞ்சு மாசம் ஆயிடுச்சு. போன வாரம் ஸ்பானர் அம்மாவைப் பார்க்கப் போனேன். காலைத் தட்டிப் பார்த்தாங்க, படம் எடுத்தாங்க, நடக்க விட்டாங்க, மாடி ஏற விட்டாங்க. வேலைக்குப் போலாம்னாங்க. அடுத்த மாசம் கிரேன் ஏணி ஏறப் போறேன். முதல் நாள் கீழ நின்னு பார்க்க வராதே. நீ கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கறதை மேலேர்ந்து பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும், கைப்பிடியை விட்டுடுவேன்.

கிளம்பறப்போ கேட்டேன், "இனிமே எதுக்கும் பத்திரமா இருக்கணுமா?" அவங்க யோசிச்சுட்டு, "குதிங்க"ன்னாங்க. நான் சரியாக் கேக்கலைன்னு நினைச்சேன். "தினமும் கொஞ்சம். ரெண்டு காலாலயும், மெதுவா ஆரம்பிச்சு. நடந்து நடந்து அதுக்கு நடை பழகிடுச்சு. கொஞ்சம் ஆச்சரியப்படுத்துங்க அதை."

அண்ணா, ஆச்சரியப்படுத்தணுமாம். இத்தனை நாளா அதுதானே என்னை ஆச்சரியப்படுத்திக்கிட்டு இருக்கு.

இன்னிக்குக் காலையில வாடகை ரூம்ல நடுவுல இருந்த நாற்காலியை நகர்த்தி வச்சேன். ஜன்னல் திறந்திருந்தது, தெருவுல ஒரு தண்ணி லாரி போய்க்கிட்டு இருந்தது. ரொம்ப நேரம் நின்னேன். தரை இவ்வளவு தூரத்துல இருக்குன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அப்புறம் குதிச்சேன். ஒரு சாண்கூட இருக்காது. இறங்கினப்போ பாதத்துலேர்ந்து அதிர்வு ஒண்ணு கிளம்பி, பழைய எலும்பு வழியாப் போய், புது எலும்புக்குள்ள நுழைஞ்சு, மறுபடி பழைய எலும்பு வழியா இடுப்பு வரைக்கும் வந்துச்சு. எந்த இடத்துலயும் நிக்கலை. எங்க தைச்சிருக்குன்னு தேடினேன், தையலே இல்லை.

திரும்பக் குதிச்சேன். அப்புறம் நிறுத்த மனசு வரலை.

கீழ் வீட்டுக்காரர் மேல வந்து கதவைத் தட்டினார். கோபமாத்தான் வந்தார் பாவம், சோப்பு நுரை பாதி முகத்துல அப்படியே இருந்துச்சு. "என்னம்மா சத்தம் இது, காலங்காத்தால? என்ன பண்றீங்க?"

"எலும்பு வளர்க்கறேங்க"ன்னு சொன்னேன்.

அவர் என் காலைப் பார்த்தார். வளையம் போன வடு வரிசையா இருக்கே, அதை எல்லாம் ஒவ்வொண்ணாப் பார்த்தார். முகத்து நுரையைத் துடைச்சுக்கிட்டு, "சரி, நடத்துங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போனார்.

கிரேன்காரி